உயர்தரம் எழுதிய பிள்ளையை நீட் பரீட்சைக்கு அனுப்புமுன்: திருகோணமலைப் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

என் மகள் 2024 உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் தோற்றினாள். 2025 மே மாதம் கொழும்பில் நீட் எழுதினாள். அந்தப் பரீட்சையை எழுத யாருக்குத் தகுதி இருக்கிறது, என்னென்ன பத்திரம் வேண்டும், எப்போது தொடங்க வேண்டும் என்று உவர்மலையிலிருந்து உப்புவெளி வரை கேட்டுத் திரிந்தேன். ஆளுக்கொரு பதில் கிடைத்தது. பாதிப்பேர் இந்தியப் பிள்ளைகளுக்கான விதியைச் சொன்னார்கள், மீதிப்பேர் முகவர் சொன்னதைத் திருப்பிச் சொன்னார்கள். எங்கள் உயர்தரத்தை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளை எப்படித் தகுதி பெறுகிறது என்று தமிழில் ஒழுங்காகச் சொல்ல ஆளில்லை. அதனால் எழுதுகிறேன். நீங்கள் அதே அலைச்சலைப் படத் தேவையில்லை.

நீட் என்பது இந்தியாவில் எம்.பி.பி.எஸ்., பல் மருத்துவம் போன்ற படிப்புகளுக்குச் சேர எழுத வேண்டிய ஒரே நுழைவுப் பரீட்சை. இந்தியாவின் தேசிய தேர்வு முகமை வருடத்துக்கு ஒரு தடவை நடத்துகிறது. வெளிநாட்டுக் குடிமக்களும் எழுதலாம். கொழும்பிலும் நிலையம் உண்டு.

1. விதிகளைக் கடைசியிலிருந்து வாசியுங்கள்

நான் விட்ட பெரிய பிழை இதுதான், அதனால் முதலில் வைக்கிறேன். பரீட்சை எழுதும் தகுதியை மட்டும் பார்த்துவிட்டு, சரி, பிள்ளைக்குத் தகுதி இருக்கிறது என்று நினைத்தேன். உண்மையில் மூன்று இடத்தில் மூன்று விதமாகத் தகுதி பார்க்கிறார்கள்.

ஒன்று, நீட் எழுத. இது இலேசு. உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் பிள்ளையும் விண்ணப்பிக்கலாம்.

இரண்டு, இந்தியக் கல்லூரியில் சேர. இங்கே எங்கள் உயர்தரச் சான்றிதழ் இந்தியாவின் பன்னிரண்டாம் வகுப்புக்குச் சமம் என்று காட்ட வேண்டும். பாடம், தரம், ஆங்கிலம் எல்லாவற்றையும் இங்கேதான் பார்ப்பார்கள்.

மூன்று, படித்து முடித்து ஊருக்குத் திரும்பி வைத்தியராகப் பதிவு செய்ய. இது இலங்கை மருத்துவ சபையின் விதி. இந்தியக் கல்லூரி ஏற்றுக்கொண்டது என்பதற்காக மருத்துவ சபை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்றில்லை.

மூன்றாவதை முதலில் பாருங்கள். 2018 ஜனவரியில் வந்த வர்த்தமானியின்படி வைத்தியராகப் பதிவதற்கு உயர்தரத்தில் உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் மூன்றிலும் சித்தி வேண்டும். அதில் குறைந்தது இரண்டு சி, ஒரு எஸ் இருக்க வேண்டும். மூன்று எஸ் எடுத்த பிள்ளையை இந்தியாவுக்கு அனுப்பி ஐந்தரை வருடம் படிப்பித்தாலும் இங்கே பதிவில் சிக்கல் வரும். போகும் பல்கலைக்கழகம் மருத்துவ சபை அங்கீகரித்த பட்டியலில் இருக்க வேண்டும். திரும்பி வந்த பிறகு, வெளிநாட்டில் படித்தவர்களுக்கான பதிவுப் பரீட்சையிலும் சித்தியடைய வேண்டும். பழைய ஆட்கள் ஆக்ட் சிக்ஸ்டீன் என்று சொல்லும் பரீட்சை அதுதான்.

2. பாடமும் தரமும்

நீட் விதியில் இருப்பது பௌதிகவியல், இரசாயனவியல், உயிரியல், ஆங்கிலம் என்ற நான்கு. இந்த நான்கையும் பன்னிரண்டாம் வகுப்பில் படித்துச் சித்தியடைந்திருக்க வேண்டும் என்கிறார்கள். எங்கள் உயர்தரத்துக்கு இதைப் பொருத்திப் பார்க்கும்போது நாலு இடத்தில் கால் தடுக்குகிறது.

முதலாவது, விவசாய விஞ்ஞானம். எங்கள் உயிரியல் பிரிவில் பௌதிகவியலுக்குப் பதிலாக விவசாய விஞ்ஞானம் எடுக்கலாம். பௌதிகவியல் கஷ்டம் என்று பல பிள்ளைகள் அப்படித்தான் எடுக்கிறார்கள். உள்ளூரில் சில படிப்புகளுக்கு அது போதும். நீட்டுக்குப் போதாது. மருத்துவ சபைக்கும் போதாது. மகள் தரம் 12இல் சேர்ந்தபோது இதை எங்களுக்குச் சொல்ல யாரும் இருக்கவில்லை, அவள் பௌதிகவியல் எடுத்தது அதிர்ஷ்டம். உங்கள் பிள்ளை இப்போதுதான் சாதாரண தரம் முடித்திருந்தால் பாடம் தெரிவதற்கு முன்பே இதை யோசியுங்கள்.

இரண்டாவது, உயிர்முறைமைகள் தொழில்நுட்பவியல். பெயரில் 'உயிர்' இருப்பதால் உயிரியல் என்று நினைக்கிறார்கள். அது தொழில்நுட்பப் பிரிவுப் பாடம், உயிரியலுக்கு ஈடாகாது.

மூன்றாவது, பொது ஆங்கிலம். பல்கலைக்கழகத் தெரிவில் இதன் புள்ளி சேராது என்பதால் பல பிள்ளைகள் அந்த வினாத்தாளை எழுதாமலே விடுகிறார்கள், அல்லது போய் இருந்துவிட்டு வருகிறார்கள். இந்தியாவில் ஆங்கிலம் ஒரு பாடமாகச் சித்தியடைந்திருக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். எங்கள் உயர்தரச் சான்றிதழில் அதற்குக் காட்டக்கூடியது பொது ஆங்கிலம் மட்டுமே. அதை எழுத வைத்து, சித்தியடையவும் வையுங்கள். மகளோடு படித்த ஒரு பிள்ளை மூன்று பாடத்திலும் நல்ல பெறுபேறு எடுத்தும் பொது ஆங்கிலத்துக்கு வராமல் விட்டிருந்தாள். அவளுடைய தாய் அந்தச் சான்றிதழைக் கொண்டுவந்து என்னிடம் காட்டியபோது எனக்குச் சொல்ல வார்த்தை வரவில்லை.

நான்காவது, 50 விழுக்காடு. பொதுப் பிரிவில் மூன்று விஞ்ஞானப் பாடங்களும் சேர்த்து 50 விழுக்காடு வேண்டும் என்பது இந்திய விதி. எங்கள் சான்றிதழில் புள்ளி கிடையாது, எழுத்துத்தான். எஸ் என்றால் 35 முதல் 54 வரை எதுவாகவும் இருக்கலாம். 53 எடுத்த பிள்ளையும் 36 எடுத்த பிள்ளையும் சான்றிதழில் ஒன்றுதான். எஸ்ஸை வைத்து 50 விழுக்காட்டைக் காட்ட முடியாது. சி என்றால் 55க்கு மேல், அங்கே கேள்விக்கே இடமில்லை. அதனால் என் கணக்கு இதுதான்: மருத்துவ சபைக்கு இரண்டு சி, ஒரு எஸ் போதும் என்றாலும், இந்தியாவையும் சேர்த்து நினைப்பவர்கள் மூன்று சியைக் குறைந்த எல்லையாக வையுங்கள்.

3. வயதும் ஷையும் (எழுதும் தடவையும்)

சேரும் வருடம் டிசம்பர் 31இல் பிள்ளைக்கு 17 வயது முடிந்திருக்க வேண்டும். உயர்தரம் எழுதும் பிள்ளைகள் எல்லோரும் அதைத் தாண்டியிருப்பார்கள். மேல் வயதெல்லை இல்லை. எத்தனை தடவை எழுதலாம் என்ற கட்டுப்பாடும் இல்லை. எங்கள் உயர்தரத்துக்கு மூன்று ஷைதான் என்ற கணக்கு நீட்டுக்குப் பொருந்தாது. ஆனால் ஒரு வருடப் புள்ளி அந்த வருட இந்திய அனுமதிக்கு மட்டுமே செல்லும்.

4. எந்த மொழியில் எழுதுவது

தமிழில் நீட் எழுதலாம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அது உண்மை. ஆனால் தமிழ் வினாத்தாள் தமிழ்நாடு, புதுச்சேரி, அந்தமான் நிக்கோபார் ஆகிய இடங்களிலுள்ள நிலையங்களுக்கு மட்டும்தான். இந்தியாவுக்கு வெளியே உள்ள நிலையங்களில் ஆங்கிலம் மட்டுமே. கொழும்பில் எழுதுவதென்றால் பிள்ளை ஆங்கிலத்தில் எழுத வேண்டும். தமிழ்மூலம் படித்த எங்கள் பிள்ளைகளுக்கு இது சின்ன விசயமில்லை.

தமிழ்நாட்டில் போய்த் தமிழில் எழுத வைக்கலாமா என்று நாங்களும் முதலில் யோசித்தோம். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றை இறக்கி மகள் படிக்கத் தொடங்கினாள். மூன்றாம் நாள் இரவு புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"அப்பா, இதில வேகம் எண்டு போட்டிருக்கு. இது எங்கட வேகமா, அவையின்ர வேகமா?"

எனக்கு விளங்கவில்லை. அவள் தாளில் எழுதிக் காட்டினாள். எங்கள் பாடநூலில் திசை இல்லாதது கதி, திசையோடு சேர்ந்தது வேகம். தமிழ்நாட்டில் திசை இல்லாததுதான் வேகம், திசையோடு சேர்ந்தது திசைவேகம். ஒரே சொல், இரண்டு கணியம். ஒரு கணக்கே பிழைத்துப்போகும். அப்புறம் பார்த்தால் இன்னும் எவ்வளவோ. எங்கள் ஆர்முடுகல் அவர்களுக்கு முடுக்கம். எங்கள் சக்தி அங்கே ஆற்றல், எங்கள் வலு அங்கே திறன், அமுக்கம் என்பது அழுத்தம். உயிரியலில் கலம் என்பதைச் செல் என்கிறார்கள், ஒளித்தொகுப்பை ஒளிச்சேர்க்கை என்கிறார்கள். ஒட்சிசன் ஆக்சிஜன் ஆகிறது. இரசாயனவியலே அங்கே வேதியியல்.

தமிழும் தமிழும்தானே என்று நினைத்து இறங்கினால் பரீட்சை மண்டபத்தில் ஒரு வினாவுக்கு ஒரு நிமிடம்தான் இருக்கும். அந்த நிமிடத்தில் இது யாருடைய வேகம் என்று யோசிக்க முடியாது. அதோடு, மொழிபெயர்ப்பில் ஐயம் வந்தால் ஆங்கில வடிவமே இறுதி என்பதும் விதியில் இருக்கிறது. கடைசியில் மகள் ஆங்கிலத்தையே தெரிந்தாள். எங்கள் தமிழ்ச் சொல் ஒரு பக்கம், ஆங்கிலச் சொல் மறு பக்கம் என்று ஒரு சிஆர் கொப்பி முழுக்க எழுதினாள். காலையில் பஸ்ஸுக்கு நிற்கும்போதும் அந்தக் கொப்பி கையில் இருந்தது. உங்கள் பிள்ளைக்கு நான் சொல்லக்கூடிய மிகப் பெரிய உதவி இந்தக் கொப்பிதான். தரம் 12இலேயே தொடங்கினால் பாரம் தெரியாது.

பாடத்திட்டம் பெரும்பாலும் எங்கள் உயர்தரத்தோடு ஒத்துப்போகிறது, கேட்கும் விதம் வேறு. 2025இல் 180 வினாக்கள், 180 நிமிடங்கள், 720 புள்ளிகள். பௌதிகவியல் 45, இரசாயனவியல் 45, உயிரியல் 90. சரியான விடைக்கு 4 புள்ளி, பிழையான விடைக்கு 1 புள்ளி கழியும். எங்கள் உயர்தரப் பல்தேர்வில் புள்ளி கழிவதில்லை, தெரியாவிட்டாலும் ஒன்றைக் கீறிவிட்டு வருவது பிள்ளைகளின் பழக்கம். அந்தப் பழக்கத்தை விடவே மகளுக்கு இரண்டு மாதம் பிடித்தது.

5. கடவுச்சீட்டும் பெயரும்

வெளிநாட்டுக் குடிமகன் என்பதற்கு ஆதாரம் கடவுச்சீட்டு. விண்ணப்பம் திறந்த பிறகு கடவுச்சீட்டுக்கு ஓடாதீர்கள். உயர்தரம் எழுதுவதற்கு முன்னரே எடுத்துவிடுங்கள். நாங்கள் ஹொரவப்பொத்தானை வழியாக வவுனியாவுக்குப் பஸ்ஸில் போய் அங்குள்ள பிராந்திய அலுவலகத்தில் கொடுத்தோம். பிரதேச செயலகங்கள் வழியாக விரலடையாளம் கொடுத்து இணையத்தில் விண்ணப்பிக்கும் முறையும் இருக்கிறது. சாதாரண சேவைக்கு 10,000 ரூபாய், ஒருநாள் சேவைக்கு 20,000 ரூபாய். படத்தைத் திணைக்களம் அனுமதித்த ஸ்டூடியோவில்தான் எடுக்க வேண்டும்.

இனிப் பெயர். இதை ஆறுதலாக வாசியுங்கள்.

எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை. தகப்பன் பெயர், பிள்ளையின் பெயர், அவ்வளவுதான். பிறப்புச் சான்றிதழில் தமிழில் இருக்கும். பாடசாலையில் யாரோ ஒருவர் அதை ஆங்கிலத்தில் எழுதுவார். அடையாள அட்டைக்கு இன்னொருவர் எழுதுவார். கடவுச்சீட்டுக்கு நாமே எழுதுவோம். மூன்றும் மூன்று விதமாக வந்து நிற்கும். மகளின் உயர்தர அனுமதி அட்டையில் என் பெயர் முதலில், அவள் பெயர் பிறகு. கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் என் பெயரும் மற்றப் பெயர்கள் என்ற இடத்தில் அவள் பெயரும் இருந்தன. அது பரவாயில்லை. ஆனால் அவள் பெயரில் வரும் ஒரு 'எச்' எழுத்து கடவுச்சீட்டில் இருந்தது, பரீட்சைப் பதிவில் இல்லை. ஒரேயொரு எழுத்து. அதைத் திருத்துவதற்குப் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பாடசாலைக் கடிதம், இரண்டும் ஒரே ஆள்தான் என்ற சத்தியக் கடதாசி என்று மூன்று கிழமை போயிற்று.

அதனால் இப்படிச் செய்யுங்கள். உயர்தரத்துக்குப் பாடசாலை விண்ணப்பம் அனுப்பும்போது பிள்ளையின் பெயர் ஆங்கிலத்தில் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று போய்ப் பாருங்கள். அதையும் அடையாள அட்டையையும் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாகச் சரிபாருங்கள். கடவுச்சீட்டை அதன்படி எடுங்கள். நீட் படிவத்திலும் அதே பெயர், அதே ஒழுங்கு. பிறந்த திகதியையும் தகப்பன், தாய் பெயர்களையும் அப்படியே பாருங்கள்.

6. விண்ணப்பம்

2025இல் விண்ணப்பம் பெப்ரவரி 7 முதல் மார்ச் 7 வரை திறந்திருந்தது. திருத்தம் செய்ய மார்ச் 9 முதல் 11 வரை மூன்று நாள்தான் தந்தார்கள். உயர்தரம் முடிந்தது டிசம்பர் 31. பிள்ளை களைத்துப்போய் இருக்கும் அந்த இரண்டு மாதத்தில்தான் பெற்றோர் எல்லாவற்றையும் அடுக்கி வைக்க வேண்டும்.

பெறுபேறு வரவில்லையே என்று பயப்பட வேண்டாம். பரீட்சை எழுதியவர், பெறுபேற்றை எதிர்பார்ப்பவர் என்று தெரிவதற்குப் படிவத்தில் இடம் இருக்கிறது. 2024 உயர்தரப் பெறுபேறு 2025 ஏப்ரல் 26இல்தான் வந்தது. நீட் மே 4இல் நடந்தது. பெறுபேறு வரட்டும் என்று காத்திருந்தவர்களுக்கு அந்த வருடம் போய்விட்டது.

கணினியில் ஏற்றுவதற்கு இவை வேண்டும்: வெள்ளைப் பின்னணியில் காது இரண்டும் தெரிய எடுத்த கடவுச்சீட்டு அளவுப் படம், அதே படம் தபாலட்டை அளவில், கையெழுத்து, இரண்டு கைகளின் பத்து விரல் அடையாளம், குடியுரிமைக்கு ஆதாரமாகக் கடவுச்சீட்டு. ஒவ்வொரு கோப்புக்கும் அளவுக் கட்டுப்பாடு உண்டு. படத்துக்கு 10 முதல் 200 கேபி, கையெழுத்துக்கு அதைவிடக் குறைவு. விரல் அடையாளத்தை வெள்ளைத் தாளில் நீல மையால் எடுத்து ஸ்கேன் செய்யுங்கள். மை கூடினால் கோடுகள் அழிந்து கறுப்புப் புள்ளியாக வரும். எங்களுக்கு ஐந்தாவது தாளில்தான் சரிவந்தது.

படிவத்தை ஒரு கொமினிகேசன் கடையில் நிரப்பினோம். அங்கே இருந்த பொடியன் அவசரத்தில் தன் கடையின் மின்னஞ்சலைப் போட்டுவிட்டான். அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் உள்நுழையக் கேட்கும் ஒருதடவைக் கடவு எண் (ஓடிபி) அந்த மின்னஞ்சலுக்குத்தான் போனது. திருத்தம் செய்யும் நாட்களில் மின்னஞ்சலையும் தொலைபேசி எண்ணையும் மாற்ற முடியாது. அனுமதி அட்டை இறக்கும் நாள்வரை அந்தக் கடை திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். உங்கள் சொந்த மின்னஞ்சல், உங்கள் சொந்தத் தொலைபேசி எண், இரண்டையும் நீங்களே தட்டுங்கள். பிழை விட்டுவிட்டோம் என்று இன்னொரு விண்ணப்பம் மட்டும் போடாதீர்கள். ஒருவருக்கு ஒரு விண்ணப்பம்தான், இரண்டு போட்டால் இரண்டுமே போகலாம்.

7. செலவு

இந்தியாவுக்கு வெளியே உள்ள நிலையத்துக்கு 2025இல் கட்டணம் 9,500 இந்திய ரூபாய். எங்கள் காசில் 30,000க்கு மேல். ஒப்பிட்டுப் பார்க்க, இந்தியாவுக்குள் எழுதும் பொதுப் பிரிவினருக்கு 1,700 இந்திய ரூபாய். இணையத்தில் அட்டையால் கட்ட வேண்டும். எங்கள் வங்கி அட்டைகள் பலவற்றில் வெளிநாட்டுக் கொடுப்பனவு பூட்டியிருக்கும். வங்கிக்குப் போய் அதை முதலே திறந்து வையுங்கள், கடைசி நாள் இரவு அட்டை வேலை செய்யாமல் நிற்காதீர்கள்.

பெரிய செலவு பிறகுதான் வரும். வெளிநாட்டுக் குடிமக்கள் இந்திய அரசுக் கல்லூரியின் பொது இடங்களை எதிர்பார்க்க முடியாது. கலந்தாய்வில், அதாவது நீட் புள்ளிப்படி இடங்களைப் பகிர்ந்து கொடுக்கும் முறையில், அவர்களுக்கு இருப்பது நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களின் (டீம்ட் யூனிவர்சிட்டி) கட்டண இடங்கள். அந்தக் கலந்தாய்வில் பதியவே 5,000 இந்திய ரூபாய் கட்டணமும் 2 இலட்சம் இந்திய ரூபாய் வைப்புப் பணமும் வேண்டும். வைப்புத் திரும்பக் கிடைக்கும், ஆனால் கிடைத்த இடத்தை விதிக்கு மாறாக விட்டால் பறிபோகலாம். பல நிகர்நிலைக் கல்லூரிகளில் சாதாரண இடத்துக்கே வருடக் கட்டணம் 20 இலட்சம் இந்திய ரூபாயைத் தாண்டுகிறது. வெளிநாட்டவருக்கான இடம் அதைவிடக் கூட, பெரும்பாலும் டொலரில் கேட்பார்கள்.

இந்திய அரசின் புலமைப்பரிசில் இருக்கிறதே என்று பலர் கேட்டார்கள். இலங்கை மாணவர்களுக்கு இந்தியத் தூதரகம் வழியாக வரும் அந்தப் புலமைப்பரிசில்கள் மருத்துவப் படிப்புக்குக் கிடையாது. யாராவது எடுத்துத் தருகிறேன் என்று காசு கேட்டால் கொடுக்காதீர்கள். நீட் எழுதாமலே எம்.பி.பி.எஸ். இடம் எடுத்துத் தருகிறேன் என்பவர்களையும் வீட்டுக்குள் எடுக்காதீர்கள். இந்தியாவில் அப்படி ஒரு வழி இல்லை.

8. கொழும்புப் பயணமும் பரீட்சை நாளும்

பரீட்சை மே மாத முதல் ஞாயிறையொட்டி வருகிறது. மே தினக் கூட்டங்கள், சில வருடம் வெசாக் விடுமுறை, எல்லாம் அந்தக் கிழமையிலேயே வரும். பஸ்ஸும் நிறையும், கொழும்பில் தங்கும் அறையும் நிறையும். பரீட்சை நகரம் எது என்ற தகவல் வந்ததும் ரயில் ஆசனம் பதியுங்கள். திருகோணமலையிலிருந்து இரவு ரயில் விடியக் கோட்டைக்குப் போய்ச் சேரும். அதே நாள் பரீட்சைக்கு அந்த ரயிலை நம்பாதீர்கள். யானை மோதினாலோ தண்டவாளத்தில் வேலை நடந்தாலோ மணித்தியாலக் கணக்கில் நிற்கும். நாங்கள் இரண்டு நாள் முன்னே போய் வெள்ளவத்தையில் உறவினர் வீட்டில் தங்கினோம். சனிக்கிழமை பின்னேரம் நிலையத்தின் கேற் வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தோம்.

பரீட்சை பிற்பகல் 2 மணிக்கு. இந்திய நேரமும் எங்கள் நேரமும் ஒன்றுதான். 1.30க்குக் கேற்றைப் பூட்டிவிடுவார்கள், அதற்குப் பிறகு யாரையும் விடுவதில்லை. முழுக்கைச் சட்டை, சப்பாத்து, தோடு, காப்பு, கைக்கடிகாரம் எதுவும் கூடாது. அரைக்கை உடுப்பும் செருப்பும் போதும். பேனை அவர்களே தருவார்கள். அனுமதி அட்டையில் படம் ஒட்டி, தபாலட்டை அளவுப் படத்தையும் அதற்குரிய இடத்தில் ஒட்டி, மேலதிகமாக ஒரு கடவுச்சீட்டு அளவுப் படமும் மூலக் கடவுச்சீட்டும் கொண்டுபோக வேண்டும். மகளின் காதில் சின்ன வயதில் போட்ட தோடு இறுகிப்போய் இருந்தது. வாசலில் நின்று கழற்ற முடியாமல் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. சவர்க்காரம் போட்டு அவளுடைய அம்மா கழற்றினா. முதல் நாளே வீட்டில் கழற்றிவிடுங்கள்.

9. பெறுபேறு வந்த பிறகு

2025இல் நீட் பெறுபேறு ஜூன் 14இல் வந்தது. பொதுப் பிரிவில் தகுதி எல்லை 720க்கு 144. 2024இல் அது 162 ஆக இருந்தது. வருடத்துக்கு வருடம் மாறும், ஏனென்றால் எழுதியவர்களில் மேல் பாதிக்குள் வர வேண்டும் என்பதே அளவு. எல்லையைத் தாண்டினால் இடம் கிடைத்தது என்று அர்த்தமில்லை, கலந்தாய்வுக்குப் போகலாம் என்று மட்டும்தான்.

அந்தக் கட்டத்தில் கையில் இருக்க வேண்டிய பத்திரங்களை உயர்தரப் பெறுபேறு வந்த கிழமையே தொடங்குங்கள். பரீட்சைத் திணைக்களத்திலிருந்து சாதாரண தர, உயர்தரச் சான்றிதழ்கள் ஆங்கிலத்தில். பிறப்புச் சான்றிதழின் ஆங்கில மொழிபெயர்ப்பு, சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் கையெழுத்தோடு. அவற்றின் மேல் வெளிநாட்டு அமைச்சின் கொன்சியூலர் பிரிவு அத்தாட்சி, அது பத்தரமுல்லை சுஹுருபாயவில். பரீட்சைச் சான்றிதழ்களுக்கு முதலில் திணைக்களத்தின் உறுதிப்படுத்தல் வேண்டும், பிறகுதான் அமைச்சு. திணைக்களமும் பத்தரமுல்லைப் பக்கம் பெலவத்தையில்தான் என்பதால் ஒரே பயணத்தில் இரண்டையும் பார்க்கத் திட்டமிடுங்கள். நாங்கள் ஒழுங்கு மாறிப்போய் இரண்டு தடவை போனோம். இத்தனையும் முடிந்ததும் இந்தியப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பிடம் சமநிலைச் சான்றிதழுக்கு இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அது இல்லாமல் உயர்தரம் பன்னிரண்டாம் வகுப்புக்குச் சமம் என்று கல்லூரி எடுக்காது.

இந்த ஓட்டத்துக்குள் எங்கள் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் விண்ணப்பத்தை மறந்துவிடாதீர்கள். உயர்தரப் பெறுபேற்றுக்குப் பிறகு சில கிழமைக்குத்தான் அது திறந்திருக்கும், நீட்டின் நாட்களோடு மோதும். மகள் 144ஐத் தாண்டினாள். ஆனால் நிகர்நிலைக் கல்லூரிக் கட்டணத்தை ஐந்தரை வருடத்தால் பெருக்கிப் பார்த்தபோது அது எங்களால் ஆகாது என்று தெரிந்துவிட்டது. நீட் பெறுபேறு வருமுன்பே உள்ளூர் விண்ணப்பத்தை அவள் தானே நிரப்பி அனுப்பியிருந்தாள். கோணேசபுரியிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்தின் சித்த மருத்துவத்தையும் விருப்ப ஒழுங்கில் போட்டிருந்தாள். இப்போது அதற்குத் தெரிவாகியிருக்கிறாள். அந்தச் சிஆர் கொப்பியைப் பக்கத்து வீட்டுப் பிள்ளை வாங்கிக்கொண்டு போயிருக்கிறாள், அவளுக்கு இந்த வருடம் உயர்தரம்.